நல்ல மனசு மட்டும் போதுமா? உணவு வங்கித் தன்னார்வலர் ‘வேண்டாம் அண்ணாச்சி’ என்றும் சொல்ல வேண்டியது ஏன்?

2023 டிசம்பர் 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டவில்லை. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ரயிலில் சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள். மற்றவர்கள் ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் வந்து சேரும்வரை அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள். அந்த ஊர்க்காரர்களின் வீட்டைச் சுற்றியும் அப்போது தண்ணீர்தான்.

அதே நேரத்தில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்த மழை 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் சராசரியாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஏரல் பாலம் துண்டானது. தாமிரபரணிக் கரையில் ஊர் ஊராகத் தீவுகள்.

அந்த முதல் இரவில் யாரும் விதிப் புத்தகத்தைப் புரட்ட மாட்டார்கள், புரட்டவும் தேவையில்லை. பசிக்கிற ஆளுக்குச் சுடச்சுடச் சோறு. அவ்வளவுதான். சிக்கல் இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் ஆரம்பிக்கிறது. வெளியூர்களிலிருந்து வேன் வேனாகப் பொட்டலங்கள் வரும். கல்யாண மண்டபம் ஒன்று கிடங்காக மாறும். ‘நானும் வரேன்’ என்று கல்லூரிப் பசங்களும், லீவு போட்டுவிட்டு ஐடி ஊழியர்களும் வந்து நிற்பார்கள். ஒரே நாளில் அங்கே ஓர் உணவு வங்கி உருவாகியிருக்கும், பெயர்ப்பலகை மட்டும்தான் இருக்காது. அங்கே நிற்கும் தன்னார்வலரின் வேலை என்ன? ‘வாங்கு, கொடு’ என்பது அதில் பாதிகூட இல்லை.

அன்னதானத்துக்கும் உணவு வங்கிக்கும் என்ன வித்தியாசம்?

நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைத்துப் போடுவது இந்தக் கரைக்குப் புதிது கிடையாது. திருச்செந்தூர் முருகன் கோயிலில் 2021 செப்டம்பர் முதல் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. தேவாலயங்களில் அசனம், காயல்பட்டினத்தில் சகன் சாப்பாடு, நோன்புக் காலத்தில் கஞ்சி. அண்டாவும் விறகடுப்பும் சமையல் மாஸ்டரும் ஒரு போன் தூரம்தான்.

ஆனால் அங்கெல்லாம் அடுப்புக்கும் இலைக்கும் நடுவில் ஐம்பது அடிதான். சமைத்தவர் கண் முன்னால் சாப்பிடுகிறார்கள். உப்புக் குறைந்தால் அங்கேயே சொல்லிவிடலாம். உணவு வங்கியில் நடப்பது வேறு. யாரோ, எங்கேயோ, எப்போதோ சமைத்ததை வேறு யாரோ வாங்கி, வண்டியில் ஏற்றி, இன்னொருவர் கையில் கொடுக்கிறார்கள். சாப்பிடுபவருக்கு அது எத்தனை மணிக்கு வடித்த சோறு என்று தெரியாது. கேட்கவும் மாட்டார். ஓசியில் வாங்குகிறோம் என்ற கூச்சம் வாயை அடைத்துவிடும். ஹோட்டலில் காசு கொடுத்தவருக்குத் தட்டைத் திருப்பி அனுப்பும் உரிமை இருக்கிறது, நிவாரண வரிசையில் நிற்பவருக்கு நடைமுறையில் அது இல்லை. ஆகவே அவர் கேட்க வேண்டிய கேள்விகளை அவருக்காகக் கேட்க வேண்டியவர் நடுவில் நிற்கும் தன்னார்வலர்தான். விதிகளெல்லாம் அதற்காகத்தான்.

1967-இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் முதல் உணவு வங்கியைத் தொடங்கியபோது அதன் அடிப்படை எளிமையானது: மிச்சமாகும் நல்ல உணவை ஒரு இடத்தில் ‘டெபாசிட்’ செய்தால், தேவைப்படுபவர் எடுத்துக்கொள்வார். தமிழ்நாட்டில் 2014-இல் கோவையில் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ இதே வேலையைக் கல்யாண மண்டபச் சாப்பாட்டில் செய்துகாட்டியது. வங்கி என்ற சொல்லிலேயே ஒரு கணக்குப் புத்தகம் ஒளிந்திருக்கிறது. நம்மூர்த் தற்காலிகக் கிடங்குகளில் காணாமல் போவது அந்தப் புத்தகம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

‘இலவசமாத்தானே கொடுக்கிறோம், சட்டம் எங்கிருந்து வந்துச்சு?’ என்பது வழக்கமான கேள்வி. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006, ‘உணவுத் தொழில்’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பதில் இருக்கிறது: லாப நோக்கம் உள்ளதோ இல்லாததோ, இரண்டும் அதில் அடங்கும். திருவிழாக்களில் அன்னதானம் போடுகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று மதுரை சித்திரைத் திருவிழாவுக்கு முன் அறிவிப்பு வருவது இதனால்தான்.

மிச்ச உணவுக்கு என்றே தனி ஒழுங்குமுறையும் உண்டு. எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் கொண்டுவந்த அது, 2020 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி மிச்ச உணவை வாங்கி விநியோகிக்கும் அமைப்பு பதிவு செய்திருக்க வேண்டும். நல்ல உணவையும் கழிவையும் தனித்தனியாக வைக்க வேண்டும். சமைத்த உணவு என்றால் அதன் பெயர், எங்கிருந்து வந்தது, எப்போது சமைத்தது, எதுவரை சாப்பிடலாம், சைவமா அசைவமா என்பது தெரிய வேண்டும். வாங்கியதற்கும் கொடுத்ததற்கும் பதிவேடு வேண்டும்.

தவறினால்? அதே 2006 சட்டத்தின் 65-வது பிரிவு, உணவால் உயிரிழப்பு ஏற்பட்டால் குறைந்தபட்சம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்கிறது. அந்தப் பிரிவில் ‘விற்பவர்’ மட்டும் இல்லை, ‘விநியோகிப்பவர்’ என்ற சொல்லும் இருக்கிறது. அமெரிக்காவில் நல்லெண்ணத்துடன் உணவு கொடுப்பவரை வழக்கிலிருந்து காப்பாற்ற 1996-லேயே ஒரு தனிச் சட்டம் வந்துவிட்டது. அங்கேயும் அப்பட்டமான அலட்சியத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. இந்தியாவில் கொடையாளர்களுக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அது வரும்வரை, தேதி எழுதிய ஒரு நோட்டும் ஒரு மார்க்கர் பேனாவும்தான் தன்னார்வலருக்குப் பாதுகாப்பு.

சோற்றுப் பொட்டலத்தில் அப்படி என்ன ஆபத்து?

மழைக்கால நிவாரணம் என்றாலே லெமன் சாதம், தக்காளி சாதம், புளியோதரை, கொஞ்சம் வசதியான இடத்திலிருந்து குஸ்கா. எல்லாமே சோறு. சோற்றில்தான் இந்தக் கதையின் வில்லனும் இருக்கிறது.

‘பேசில்லஸ் செரியஸ்’ என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் சாதாரணமாக இருப்பவை. சோறு கொதிக்கும்போதும் அவை சாவதில்லை, உறங்கும். சோறு மெல்ல ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும் மணி நேரங்களில் விழித்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு உருவான பிறகு மறுபடி சூடு காட்டினாலும் போகாது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. விரலில் வெட்டுக்காயத்தோடு பொட்டலம் கட்டுகிறவரிடமிருந்து சேரும் ‘ஸ்டெஃபிலோகாக்கஸ்’ நஞ்சும் இப்படித்தான், சூட்டுக்கு அசையாது. ‘நல்லா சூடு பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது’ என்ற நம் வீட்டு நம்பிக்கை தோற்கும் இடம் இது. மோசம் என்னவென்றால், சோறு ஊசிப்போகவோ நூல் விடவோ ஆரம்பிக்கும் முன்பே நஞ்சு இருக்கலாம். மோந்து பார்ப்பது தேவைதான், ஆனால் அது முழுப் பரிசோதனை ஆகாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை: சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே. நடுவில் இருப்பது ஆபத்துப் பகுதி. வெளி வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இதைத் தூத்துக்குடிக் கணக்குக்கு மாற்றிப் பார்க்கலாம். மதுரையில் காலை ஐந்து மணிக்கு வடித்த சோறு, ஏழு மணிக்குப் பொட்டலமாகி, சாதாரண நாளிலேயே இரண்டரை மணி நேரம் பயணப்பட்டு, உடைந்த சாலையில் சுற்றிச் சுற்றி, மதியம் இரண்டு மணிக்கு ஏரலுக்குப் பக்கத்தில் ஒரு தெருவில் இறங்கினால் அதன் வயது ஒன்பது மணி நேரம். சூடாக அடைத்து அடுக்கிய பொட்டல மூட்டையின் நடுப்பகுதி அத்தனை நேரமும் வெதுவெதுப்பாகவே இருந்திருக்கும். பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல அடைகாக்கும் பெட்டி கிடைக்காது.

பிறகு என்னதான் செய்வது? தூரத்திலிருந்து வருகிறவர்கள் சமைத்ததைக் கொண்டுவரக் கூடாது. அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ் சிலிண்டர், குடிதண்ணீர், பாத்திரம் கொண்டுவரட்டும், சமையல் பக்கத்திலேயே நடக்கட்டும். புதுக்குடியில் நடந்தது அதுதான்: சமைத்த இடமும் சாப்பிட்ட இடமும் அருகருகே. தயார் உணவுதான் வேண்டும் என்றால் பிஸ்கட், அவல், பொரி, பொரிகடலை, வாழைப்பழம். புளியோதரைக்குப் புளிப்பு கொஞ்சம் துணை நிற்கும். அதற்காக அதை மறுநாளும் வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. முட்டை, கறி, தேங்காய்ச் சட்னி மூன்றும் வண்டி ஏறவே கூடாது.

இந்தக் கரைக்கே உரிய ஒரு எச்சரிக்கையும் உண்டு. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து யாராவது ஒரு கூடை சூரை மீனை அன்போடு அனுப்பிவைப்பார்கள். ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையில் ‘ஹிஸ்டமின்’ சேர்ந்துவிடும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். ஐஸில் வந்த மீனா என்று கேட்பது அவமரியாதை ஆகாது. மீன்காரர்களுக்கே அது நன்றாகத் தெரியும்.

‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது?

தன்னார்வலருக்கு மிகக் கடினமான வேலை மூட்டை தூக்குவது இல்லை. காரில் 200 பொட்டலத்தோடு, குடும்பத்தோடு வந்து நிற்கும் ஒரு பெரியவரிடம், ‘அண்ணாச்சி, மன்னிச்சுக்கோங்க, இது காலையில கட்டினது, நாங்க கொடுக்க முடியாது’ என்று சொல்வதுதான். இருபது வயதுப் பையனால் அதைத் தனியாகச் சொல்ல முடியாது. எனவே அந்தப் பொறுப்பை ஆளின் தைரியத்தில் விடாமல், விதியில் எழுதி வாசலிலேயே ஒட்டிவிட வேண்டும்: சமைத்த நேரம் எழுதாத பொட்டலம் வாங்கப்படாது. லேபிள் கிழிந்த டப்பா வாங்கப்படாது. தேதி முடிந்த பாக்கெட் வாங்கப்படாது. பேப்பர் பேசினால் மனுஷனுக்கு மனஸ்தாபம் வராது.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி மலைபோலக் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மறுக்க ஆள் இல்லாததால் குவிந்த குப்பை அது. அதை அள்ளவே தனியாக ஆள் போட வேண்டியிருந்தது.

மறுக்க வேண்டியவற்றில் பலருக்கும் அதிர்ச்சி தரும் ஒன்று, குழந்தைகளுக்கான பால் பவுடர். 1992-ஆம் ஆண்டின் குழந்தைகள் பால் மாற்றுப் பொருள் சட்டப்படி, 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடரையும் பால் புட்டியையும் தனிநபர்களுக்குத் தானமாகக் கொடுப்பதே தடைசெய்யப்பட்டது. ஆதரவற்றோர் இல்லங்களுக்கு மட்டும் விலக்கு. கொடூரமாகத் தோன்றலாம். ஆனால் வெள்ளம் வந்த ஊரில் புட்டி கழுவ நல்ல தண்ணீர் ஏது? அசுத்தத் தண்ணீரில் கரைத்த பவுடர் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், தாய்ப்பாலும் குறைந்துபோகும். தாய்க்குச் சாப்பாடும் மறைவான ஓர் இடமும் கொடுப்பதுதான் முதல் உதவி. பால் கொடுக்க முடியாத தாய் இருந்தால், முகாமுக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்ல வேண்டும். அது தன்னார்வலர் தானே முடிவெடுக்கும் விஷயம் இல்லை.

கிடங்கிலும் கவனம் வேண்டும். 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. நிவாரணக் கிடங்கில் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அரிசி மூட்டையும் ஒரே மூலையில் கிடப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பினாயில் வந்த கேனில் குடிதண்ணீர் பிடிக்கும் கூத்தும் நடக்கும். எல்லாம் அவசரம்தான் காரணம்.

வரிசையில் நிற்பவர் யார்?

கொடுப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் பொட்டலம் இறங்கும். மெயின் ரோட்டோரத் தெருவுக்கு மூன்று வேளையும் மூன்று வண்டி வரலாம். இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் காலனிக்கு ஒன்றுகூட வராமல் போகலாம். உள்ளே இருப்பது யார் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த ஊருக்கு நேற்று போனது, எதற்குப் போகவில்லை என்று சுவரில் ஒரு சார்ட் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். விஏஓவிடமும், ரேஷன் கடைக்காரரிடமும், அங்கன்வாடி அக்காவிடமும் கேட்டால், நடக்க முடியாத பாட்டி எந்த வீட்டில் இருக்கிறார் என்பதுவரை சொல்வார்கள். அவர்களை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் வந்த ‘இங்கே அவசரம்’ ஃபார்வேர்டைத் துரத்துவது பெட்ரோலுக்குக் கேடு.

அரசோடு ஒருங்கிணைவது என்றால் அரசிடம் அனுமதிக்காகக் காத்துக்கிடப்பது என்று அர்த்தமில்லை. 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது, தன்னார்வலர்களும் கட்சிகளும் நேரடியாக உணவு கொடுக்கக் கூடாது என்று தமிழக அரசு அறிவித்தது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 48 மணி நேரத்துக்கு முன் தகவல் சொல்லிவிட்டு, குறைந்த ஆட்களோடு கொடுக்கலாம் என்று நீதிமன்றம் வழிவிட்டது. தடுக்காதே, ஆனால் தெரியப்படுத்து. அந்த உத்தரவின் நியாயம் வெள்ளத்துக்கும் பொருந்தும், 48 மணி நேரத்தை ஒரு போன் அழைப்பாகச் சுருக்கிக்கொண்டால். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

அடுத்தது செல்போன். பொட்டலத்தை நீட்டியபடி, வாங்குகிறவரும் கேமராவைப் பார்க்கும்வரை கையை விடாமல் நிற்கும் அந்தப் படம் எல்லோருக்கும் தெரியும். 2020 ஊரடங்கில் ராஜஸ்தான் அரசு, உணவு கொடுக்கும்போது போட்டோ எடுப்பதையே தடை செய்தது. கொடையாளருக்குக் கணக்குக் காட்டப் படம் தேவைதான். மூட்டையைப் படமெடுக்கலாம், அடுப்பைப் படமெடுக்கலாம், பதிவேட்டின் பக்கத்தைக்கூட எடுக்கலாம். முகம் வேண்டாம், குழந்தைகளின் முகம் நிச்சயமாக வேண்டாம். நேற்றுவரை தன் கடையில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தவர் இன்று வரிசையில் நிற்கிறார். அவருடைய பிள்ளை அந்தப் படத்தை நாளைக்கு இன்ஸ்டாவில் பார்க்க வேண்டுமா?

பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்கும் பட்டியலுக்கும் இதே கவனம். தனியாக வசிக்கும் பெண்களின் நம்பர் இருக்கும் தாளை யாரோ போட்டோ எடுத்து 200 பேர் இருக்கும் குரூப்பில் போட்டுவிட்டால், பிறகு ராத்திரி வரும் அழைப்புகளுக்கு யார் பொறுப்பு? பட்டியல் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். வீடு தேடிப் போகும்போது இரண்டு பேராக, அதில் ஒரு பெண் இருக்கும்படி, பகல் நேரத்தில் போக வேண்டும். உணவுக்குப் பதிலாக ஓட்டோ, பிரார்த்தனையோ, நன்றி வீடியோவோ, வேறு எதுவுமோ கேட்கக் கூடாது. இதில் ‘சின்ன தப்பு’ என்று ஒன்று கிடையாது. மீறுகிறவர் அன்றே வெளியேற வேண்டும்.

தன்னார்வலர் தன் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருந்தால் உணவுப் பக்கம் வராமல் கணக்கு எழுதலாம். காலில் புண்ணோடு வெள்ளத் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும். அப்படி இறங்கியவர் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏதாவது தப்பு நடந்துவிட்டால்? நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் வாந்தி என்று தகவல் வந்தால், ‘வேற எதாவது சாப்பிட்டிருப்பாங்க’ என்று மழுப்புவதுதான் முதலில் தோன்றும். செய்ய வேண்டியது நேர்மாறானது: 108-க்கு அழைப்பது, அந்தத் தொகுதிப் பொட்டலம் எங்கெங்கே போனது என்று பதிவேட்டைப் பார்த்து உடனே போன் போட்டு நிறுத்துவது, மிச்சம் இருப்பதைத் தூக்கிப் போடாமல் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒப்படைப்பது. ஒவ்வொரு சமையலிலும் ஒரு கிண்ணம் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்திருந்தால் காரணம் கண்டுபிடிப்பது சுலபம்.

மழைக்கு முன்னால் செய்ய வேண்டியது

தூத்துக்குடியில் பசி வெள்ளத்தோடு மட்டும் வருவதில்லை. அதற்கு ஒரு நாள்காட்டி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். மீனவக் குடும்பங்களுக்கு 8,000 ரூபாயும் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாயும் அரசு நிவாரணமாகத் தருகிறது. ஒரு குடும்பம் அதை வைத்து எத்தனை நாள் ஓட்டும் என்பது கடினமான கணக்கு இல்லை. ஆக, இந்த மாவட்டத்துக்குத் தேவை வெள்ளம் வந்தால் முளைத்து, வடிந்தால் கலையும் கிடங்கு அல்ல. ஆண்டு முழுக்க இயங்கும், பதிவு பெற்ற, பழகிய ஆட்கள் இருக்கும் உணவு வங்கிகள். தூத்துக்குடி நகரம், ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர், விளாத்திகுளம் என்று தாலுகாவுக்கு ஒன்று இருந்தால்கூடப் போதும்.

இதில் மாவட்ட நிர்வாகத்தின் பங்கு பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் அதை வேறு யாரும் செய்ய முடியாது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள் விருப்பமுள்ள அமைப்புகளைப் பதிவு செய்வது, உணவுப் பாதுகாப்புத் துறையை வைத்துத் தன்னார்வலர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுப்பது, எந்தச் சமையல் கூடம் எந்த ஊர்களுக்கு என்று முன்கூட்டியே பிரித்து வைப்பது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றிலும் பெரிய அடுப்பு இருக்கிறது. தண்ணீர் ஏறாத மேட்டில் இருப்பவை எவை என்று ஊர்க்காரர்களுக்கு 2023 டிசம்பர் காட்டிக்கொடுத்துவிட்டது. பொதுவான பதிவேட்டுப் படிவம் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தால் செலவு சில ஆயிரம் ரூபாய்.

உதவ விரும்பும் இளைஞர்களும் மழைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஆன்லைன் தளத்தில் சிறிய அமைப்புக்கான பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். சமையல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அக்டோபர் முதல் வாரத்துக்குள் இவை இரண்டும், 200 பக்க நோட்டு ஒன்றும் கையில் இருந்தால் நல்லது. அதற்குப் பிறகு எந்த நாள் வானம் இருட்டும் என்று சொல்ல முடியாது.